யாரும் செய்யாத தீங்கு

தீமை செய்பவன் ஒருவன் இருந்தால்தான் தீமை நேரும் என்பது நம் பழைய எண்ணம். களவு போனால் கள்வன் உண்டு. கொலை நிகழ்ந்தால் கொலைஞன் உண்டு. அவனைக் கண்டுபிடித்து ஒறுப்பது அரசின் கடன். அவனைப்போல் ஆகாதிருப்பது மக்களின் கடன். அறநூல்கள் பெரும்பாலும் இந்த அடிப்படையின் மேலேயே எழுந்தன. ஆனால் நம் காலத்தில் வேறொரு வகைத் தீங்கு வளர்ந்துவிட்டது. அதைச் செய்தவர் யார் என்று தேடிப் போனால், ஒவ்வொருவரும் தத்தம் வேலையைச் செய்துகொண்டிருந்தவராகவே காணப்படுகின்றனர். எவரும் அதை விரும்பவில்லை. எவரும் அதற்குத் திட்டமிடவில்லை. எனினும் தீங்கு நேர்ந்துவிடுகிறது. அதனால் எங்கோ ஒரு குடும்பம் உலை வைக்காமல் உறங்குகிறது. இத்தகைய தீங்கிற்குப் பொறுப்பு யாருடையது? கடலில் கொட்டிய எண்ணெயை முன்வைத்து இவ்வினாவை எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

வினா நமக்குப் புதியதன்று. திருவாரூரில் மனுநீதிச் சோழனின் மகன் தேரூர்ந்து சென்றபோது, துள்ளி வந்த பசுங்கன்று ஒன்று சக்கரத்தில் அகப்பட்டு மாண்டது. இளவரசன் அதைக் கொல்ல எண்ணியவன் அல்லன்; அது வந்ததைக் கண்டவனும் அல்லன். தாய்ப்பசு அரண்மனை வாயிலுக்குச் சென்று ஆராய்ச்சி மணியை அசைத்தது. அமைச்சர்கள் அறிவுடையோர். அறியாமல் நேர்ந்த பிழைக்கு நூல்கள் விதித்த கழுவாய் உண்டு. அதைச் செய்து முடிக்கலாம் என்றனர். சோழன் அதை ஏற்கவில்லை. சேக்கிழார் பெரியபுராணத்தின் தொடக்கத்திலேயே இதை வைத்துப் பாடியிருக்கிறார். மகனைத் தேர்க்காலில் இட்ட முடிவு இன்று நமக்குக் கொடிதாகத் தோன்றலாம். அதை நான் வழிமொழியவில்லை. என் நெஞ்சைத் தொடுவது அதற்கு முந்திய ஒரு கணம். மணி ஒலித்ததும் அரசன் எழுந்து வாயிலுக்கு வந்தான், பசுவைக் கண்டான், நேர்ந்தது இன்னதென முழுதும் கேட்டறிந்தான். அதன் பின்னரே கழுவாய் பற்றிய பேச்சு எழுந்தது. முதலில் காணுதல், பிறகே தீர்த்தல். இந்த வரிசையை நாம் மறந்துவிட்டோம் என்பதே என் கவலை.

கடலைப் பற்றி எழுத வரதய்யபாளையத்தில் இருப்பவனுக்கு என்ன உரிமை என்று அன்பர்கள் வினவலாம். இது மலைக்காட்டை அடுத்த ஊர். 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இன்று திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. தெருவில் தெலுங்கும் தமிழும் கலந்து ஒலிக்கும். உப்பலமடுகு அருவியைக் காண வருவோர் இவ்வழியே செல்வர். ஊரில் நின்று பார்த்தால் கடல் தெரியாது. ஆயினும் கிழக்கே தடாவைத் தாண்டினால் பழவேற்காட்டு ஏரி விரிந்து கிடக்கிறது. சிலிகாவிற்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி அதுவே. அதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும் எஞ்சிய பகுதி தமிழகத்திலும் அமைந்துள்ளது. நம் குடும்பங்களைப் போலவே அதுவும் இரு மொழிகளுக்கு இடையே வாழ்கிறது.

அந்த ஏரியின் வழியாக வெள்ளையர் காலத்துப் பக்கிங்காம் கால்வாய் செல்கிறது. ஆந்திரக் கரையிலிருந்து சென்னைக்கு விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் ஒரு காலத்தில் அதில் போய்வந்தன. அதே கால்வாய்தான் தெற்கே எண்ணூர்க் கழிமுகத்தையும் தொடுகிறது. சூலூர்ப்பேட்டைக்கு வடக்கே நேலபட்டு என்னும் சிற்றூரில் ஆண்டுதோறும் கூழைக்கடாக்கள் வந்து கூடு கட்டுகின்றன. என் பிள்ளைகள் முதன்முதலில் பார்த்து வியந்த பெரிய பறவை அதுதான். எனவே எண்ணூரில் நேர்ந்தது எங்களுக்கு அயலூர்ச் செய்தி அன்று. ஒரே நீர்த்தொடரின் மறுமுனையில் நேர்ந்த செய்தி.

2017 சனவரி 28ஆம் நாள் விடியற்காலை எண்ணூரில் காமராசர் துறைமுகத்திற்கு வெளியே இரு கப்பல்கள் மோதின. பி.டபிள்யூ. மேப்பிள் என்னும் எரிவாயுக் கப்பல் சரக்கை இறக்கிவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தது. டான் காஞ்சிபுரம் என்னும் எண்ணெய்க் கப்பல் சரக்கோடு உள்ளே வந்துகொண்டிருந்தது. மோதலில் உயிர்ச்சேதம் இல்லை. அன்று வெளியான துறைமுக அறிவிப்பு, எண்ணெய் மாசு போன்ற சுற்றுச்சூழற் சேதமும் இல்லை என்றது. ஆனால் கப்பலிலிருந்து கனத்த எரியெண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. மீனவர் அதைக் கண்டனர்; கரையின் கற்கள் கண்டன. எர்ணாவூர்ப் பகுதியில் கடலரிப்பைத் தடுக்கப் போட்டிருந்த தூண்டில் வளைவுகளின் கற்களுக்கிடையே எண்ணெய் வந்து தேங்கியது. நீரோட்டம் அதைத் தெற்கே மெரினா வரைக்கும் அதற்கப்பாலும் கொண்டு சென்றது. கசிந்தது ஓரிரு டன் என்பது முதலில் வந்த கணக்கு. நாட்கள் செல்லச் செல்ல அந்த எண் வளர்ந்தது. முடிவில் நூறு டன்னையும் கடந்தது.

அதன்பின் நடந்ததை நாடே பார்த்தது. உறிஞ்சும் பொறிகளைக் கொண்டு வந்தனர். குழம்பு இறுகி அவற்றின் குழாய்களை அடைத்தது. ஆகவே மாணவரும் தன்னார்வலரும் கடலோரக் காவற்படையினரும் வரிசையாக நின்று வாளியால் மொண்டு வாளியால் ஊற்றினர். விண்ணிலே கலம் செலுத்தும் நாடு எண்ணெயை வாளியால் அள்ளுகிறதே என்று பலர் எள்ளினர். அந்த எள்ளல் பிழையான இடத்தில் விழுந்தது. வாளி ஏந்திய இளைஞர் செய்தது நற்செயல். நாணத்தக்கது வாளியன்று, முதல் நாள் சொல்லப்பட்ட ‘இல்லை’ என்னும் சொல்லே. எண்ணெய்க் கசிவில் முதல் சில மணி நேரமே பொன்னான காலம். மிதவைத் தடுப்புகளைப் போட்டு எண்ணெயை ஓரிடத்தில் வளைத்துக்கொள்ள அப்போதுதான் இயலும். ‘இல்லை’ என்று எழுதப்பட்ட ஒன்றை யார் ஓடிப்போய் வளைப்பார்?

கடலில் வீழ்ந்த எண்ணெய் என்ன ஆகிறது என்பதைச் சற்றே அறிதல் நன்று. அதன் இலேசான பகுதி ஆவியாகிறது. ஒரு பகுதி துளிகளாக நீருள் கலக்கிறது. கனத்த பகுதி அலையில் நீரோடு கடையப்பட்டுக் களிம்பாகித் தன் முதல் பருமனைக் காட்டிலும் சில மடங்கு பெருகுகிறது. எஞ்சியது தாருருண்டைகளாகக் கரை சேர்கிறது; அல்லது மணலோடு சேர்ந்து அடியில் படிகிறது. பறவையின் இறகில் எண்ணெய் பட்டால் இறகுகள் ஒட்டிக்கொள்கின்றன. நீர் உள்ளே புகுகிறது. உடலின் வெம்மை போய்விடுகிறது. அலகால் கோதிக் கோதி அதை நீக்க முயலும் பறவை அந்த நஞ்சையே விழுங்குகிறது. மூச்சுவிட மேலே வரும் ஆமை எண்ணெய்ப் படலத்தின் நடுவே தலைநீட்டுகிறது. சென்னைக் கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் பருவத்திலேதான் 2017இன் விபத்தும் நேர்ந்தது. மீனின் முட்டையும் குஞ்சும் நீரின் மேற்பரப்பில் மிதப்பன. அவை மடிவதை எவரும் காண்பதில்லை. அடுத்த பருவத்தில் வலை இலேசாக வரும்போது மீனவன் மட்டும் அறிவான்.

இதில் மற்றோர் உண்மையும் உண்டு. பேரலை மோதும் பாறைக் கரை விரைவில் தூய்மை பெறும். அமைதியான கழிமுகமும் சேற்றுநிலமும் அலையாத்திக் காடும் எண்ணெயை நெடுநாள் வைத்துக்கொள்ளும். அலையாத்தி மரம் மூச்சுவிடும் வேர்களைச் சேற்றுக்கு மேலே நீட்டியிருக்கும். எண்ணெய் அவற்றை அடைத்துவிடும். 1989 மார்ச்சு 24 அன்று அலாசுக்காவில் எக்சான் வால்டீசு கப்பல் பாறையில் மோதி ஏறத்தாழ 37,000 டன் எண்ணெயைக் கொட்டியது. இருபது ஆண்டுகள் கழிந்த பின்பும் சில கரைகளில் கற்களைப் புரட்டித் தோண்டியபோது அடியில் எண்ணெய் இருந்தது. மேலே பார்த்தால் கரை தூய்மையாகவே காட்சியளித்தது.

கண்ணுக்கு மறைப்பதே தீர்ப்பதாகும் என்று எண்ணியவர் பட்ட பாட்டிற்கு இங்கிலாந்து சான்று. 1967 மார்ச்சு 18 அன்று டாரி கேன்யன் என்னும் பெருங்கப்பல் கார்ன்வால் கரைக்கு அப்பால் பாறையில் ஏறி உடைந்தது. அதில் இருந்தது ஒரு இலட்சம் டன்னுக்கும் மிகுந்த கச்சா எண்ணெய். அரசு வானூர்திகளை அனுப்பிக் கப்பலின்மீது குண்டுபோட்டது. கரைகளில் ஆயிரக்கணக்கான டன் சலவை இரசாயனத்தைத் தெளித்தது. எண்ணெய் கண்ணை விட்டு அகன்றது. ஆனால் பாறையில் ஒட்டி வாழும் சிற்றுயிர்கள் எண்ணெயால் மடிந்ததை விட அந்த இரசாயனத்தால் மடிந்ததே மிகுதி. தெளிக்காமல் விடப்பட்ட கரைகள் முன்னதாகவே உயிர்பெற்றன. நன்றாகத் தெளித்த கரைகள் மீள நெடுங்காலம் ஆயிற்று. நேர்ந்ததைக் காண்பதற்கு முன்பே கழுவாய் தேடியதன் பயன் இது.

இனி நம் வினாவிற்கு வருவோம். எண்ணூரில் தவறு செய்தவர் யார்? கப்பலைச் செலுத்தியவரா, வழிகாட்டியவரா, உரிமையாளரா, காப்பீடு செய்தவரா, எண்ணெயை வாங்கியவரா? இவர்களுள் எவரை நிறுத்தி வினவினாலும் தம் பங்கு சிறிது என்பார். அது பொய்யும் அன்று. அவ்வாறாயின் அந்த எண்ணெயை இறுதியில் எரிப்பவர் யார்? தினமும் இருசக்கர வண்டியில் அலுவலகம் செல்லும் நானும்தான். ஆகவே எல்லாரும் குற்றவாளிகள் என்று சிலர் கூறுவர். கேட்பதற்கு அது துறவியின் மொழிபோல் இனிக்கும். ஆனால் அதை நான் ஏற்கமாட்டேன். எல்லாரும் குற்றவாளிகள் என்று சொல்லி முடித்தால் எவரும் குற்றவாளியல்லர் என்றே பொருள்படும். அப்பேச்சால் பெரிதும் பயன் அடைபவர் பெரும்பங்கு உடையவரே. ஒரு லிட்டர் எரிப்பவனும் ஒரு கப்பல் நிறைய விற்பவனும் ஒரே தட்டில் நிற்க முடியாது. தடுக்கும் ஆற்றல் எவரிடம் மிகுதியோ, ஆதாயம் எவருக்கு மிகுதியோ, பொறுப்பும் அவருக்கே மிகுதி. இதுவே நேரிய அளவுகோல்.

நம் நாட்டு நீதிமன்றமும் இவ்வழியிலேயே வந்து சேர்ந்தது. 1985இல் தில்லியில் ஓர் ஆலையிலிருந்து நச்சுவளி கசிந்தது. அவ்வழக்கில் 1986 திசம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இடர் மிக்க தொழிலை நடத்துவோர் தம்மீது பிழை உண்டோ இல்லையோ, நேர்ந்த தீங்கிற்கு முழுப் பொறுப்பாவர் என்றது. பத்தாண்டு கழித்து, 1996இல், வேலூர் மாவட்டத்துத் தோல் பதனிடும் ஆலைகளால் பாலாற்று நீர் கெட்டதைப் பற்றிய வழக்கில், கெடுத்தவரே செலவேற்க வேண்டும் என்னும் நெறி நாட்டின் சட்டமே என்று உறுதிசெய்தது. சித்தூர் எல்லையைத் தாண்டினால் வேலூர். அந்தப் பாலாறு ஆந்திரத்தின் வழியாகத்தான் அங்கே செல்கிறது. ‘நான் எண்ணிச் செய்யவில்லை’ என்னும் சொல் விடுதலைச் சீட்டு ஆகாது என்று திருவாரூர் வாயிலில் தோன்றிய கருத்து, இவ்வாறு சட்டத்தின் மொழியில் மீண்டும் பிறந்தது.

சட்டம் வந்தபின் எல்லாம் சீராயிற்றா? 2023 திசம்பரின் தொடக்கத்தில் மிக்சாம் புயல் சென்னையையும் எங்கள் பகுதியையும் மழையால் மூழ்கடித்தது. அவ்வேளையில் மணலியில் உள்ள பொதுத்துறை எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் வளாகத்திலிருந்து எண்ணெய் வெள்ளநீரோடு வெளியேறிற்று. பக்கிங்காம் கால்வாய் வழியே அது கொசத்தலையாற்றின் முகத்துவாரத்தையும் எண்ணூர்க் கழிமுகத்தையும் சென்றடைந்தது. குழாயில் கசிவு இல்லை என்ற மறுப்பே முதலில் எழுந்தது. பின்னரே ஆய்வுகள் நடந்தன. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. எண்ணெய் ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் படர்ந்திருந்ததைக் கடலோரக் காவற்படை வானிலிருந்து கண்டது. காட்டுக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் முதலிய ஊர்களில் படகும் வலையும் கறுத்தன. மீனவர்கள் தம் படகுகளிலேயே சென்று குவளையால் மொண்டு எண்ணெயை அகற்றினர். கூழைக்கடாக்களின் வெண்சாம்பல் இறகுகளில் எண்ணெய் அப்பியிருந்த படங்களைச் செய்தித்தாளில் கண்டேன். நேலபட்டில் என் பிள்ளைகள் பார்த்து வியந்த அதே இனம்.

தமிழக அரசு 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், 787 படகுகளைச் சீர்செய்யப் படகு ஒன்றுக்கு 10,000 ரூபாயும் அறிவித்தது. அது தேவையே, அதைக் குறைகூற நான் வரவில்லை. ஆயினும் நாளொன்றுக்கு ஐந்நூறு ரூபாய் என்று கொண்டால் 12,500 ரூபாய் இருபத்தைந்து நாள் வருவாய். இருபத்தாறாம் நாள் சேறு தூய்மை பெற்றுவிடுமா? தொகை சரியா தவறா என்று சொல்ல வேண்டுமானால் இழப்பின் முழு அளவு முதலில் தெரிந்திருக்க வேண்டும். அளவு தெரியாமல் கொடுப்பது கடன் தீர்ப்பதாகாது, அது ஈகையாகிவிடும். ஈகையைப் பெறுபவர் தலைகுனிந்து நிற்பார். கடனைப் பெறுபவர் நிமிர்ந்து நிற்பார். மீனவர் இரவலர் அல்லர். நெய்தல் நிலத்திற்கு இரங்கலை உரிப்பொருளாக நம் இலக்கண நூலோர் வகுத்தனர். அது கடலுக்குச் சென்ற தலைவனை எண்ணிய இரங்கல். கடலே நோயுற்றதற்கான இரங்கலை அவர்கள் நினைத்தும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பிறரைப் பற்றி இவ்வளவும் எழுதிவிட்டு என்னைப் பற்றி எழுதாமல் விடுவது முறையாகாது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில், ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். மின்சாரம் நின்றால் ஓட்டுவதற்கு அங்கே ஒரு ஜெனரேட்டர் இருந்தது. அதற்கான டீசல் பீப்பாய் பின்கட்டில் இருக்கும். ஒரு சனிக்கிழமை மாலை அதன் குழாயைச் சரியாக மூடாமல் விட்டுவிட்டோம். மூடியிருக்க வேண்டியவன் நான்தானா, கடைநிலை ஊழியரா என்று இன்றும் உறுதியாகக் கூற முடியாது. ஞாயிறன்று மழை பெய்தது. திங்களன்று பார்த்தபோது ஏறத்தாழ நாற்பது லிட்டர் குறைந்திருந்தது. மழைநீர் வாய்க்கால் வழியே அது பின்புறத்துக் குட்டைக்குப் போயிருந்தது. மேலிடத்திற்கு அனுப்பும் படிவத்தில் ‘பிறர் உடைமைக்குச் சேதம்’ என்று ஒரு கட்டம் உண்டு. நாற்காலியை விட்டு எழாமலே அக்கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். அதை நான் பொய் என்று எண்ணவில்லை. அப்படி எழுதுவது வழக்கம், அவ்வளவே.

இரண்டு நாள் கழித்து ஒரு மூதாட்டி கூடையில் ஒரு வாத்தோடு வந்தார். குட்டையில் வாத்து மேய்த்துப் பிழைப்பவர். அதன் இறகெல்லாம் நனைந்து உடலோடு ஒட்டியிருந்தது. “பாபூ, இது ஏன் மிதக்க மாட்டேன் என்கிறது?” என்று தெலுங்கில் கேட்டார். வாத்து நீரில் மிதக்காமல் அமிழ்வதை அவர் தம் வாழ்நாளில் அதற்குமுன் கண்டதில்லை. குற்றம் சாட்டும் குரலில் அவர் பேசவில்லை. படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று எண்ணி வந்திருந்தார். நான் தெரியாது என்றேன். பின்பு மனம் உறுத்தவே, சட்டைப் பையிலிருந்து நூறு ரூபாய் எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, அதே கேள்வியை இன்னொரு முறை கேட்டார். நான் இன்னொரு முறை தெரியாது என்றேன்.

அந்தப் பணம் ஒரு கழுவாய். ஆனால் அவர் கேட்டது பணத்தை அன்று. என்ன நேர்ந்தது என்பதை. அதை அறிந்திருந்தால் எஞ்சிய வாத்துகளையாவது குட்டைக்குள் விடாமல் காத்திருப்பார். நூறு ரூபாய் கொடுக்க முடிந்த எனக்கு ஒரு வாக்கியம் சொல்ல முடியவில்லை. சொன்னால் படிவத்தைத் திருத்த வேண்டும். திருத்தினால் மேலிடம் விளக்கம் கேட்கும். அந்த ‘இல்லை’ இன்றும் ஏதோ ஒரு கோப்பில் என் கையெழுத்தோடு இருக்கிறது. 2017இல் எண்ணூர்ச் செய்தியைப் படித்தபோது, முதல் நாள் அறிவிப்பை எழுதிய கையை என்னால் வெறுக்க முடியவில்லை. அந்தக் கையை நான் அறிவேன். என்னிடம் இருந்தது நாற்பது லிட்டர். அங்கே இருந்தது ஒரு கடல். வேறுபாடு அளவில்தான்.

ஆகவே என் முடிவு இது. எவரும் எண்ணிச் செய்யாத தீங்கிலும் எண்ணிச் செய்யும் பிழை ஒன்று உண்டு. அது தீங்கிற்குப் பின் வருவது. கப்பல் மோதியது விபத்தாக இருக்கலாம். குழாய் திறந்திருந்தது மறதியாக இருக்கலாம். சென்று பாராமல் ‘இல்லை’ என்று எழுதுவது விபத்தும் அன்று, மறதியும் அன்று. அதைச் செய்கின்ற கணத்தில் யாரும் செய்யாத தீங்கு ஒருவர் செய்த தீங்காக மாறிவிடுகிறது. வாய்மைக்கென வள்ளுவர் தனி அதிகாரம் வகுத்ததன் ஆழத்தை எழுத்தனாகிய நான் நூலில் கற்றதை விட அந்தக் கட்டத்தில் கற்றதே மிகுதி.

உண்மையைச் சொல்வதால் பயன் விளையும் என்பதற்கும் வரலாறு சான்று தருகிறது. டாரி கேன்யன் விபத்தின் முழு அளவும் உலகின் முன் வைக்கப்பட்டதால்தான் கப்பல் உரிமையாளரின் பொறுப்பைப் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கை 1969இல் எழுந்தது. கடல் மாசைத் தடுக்கும் உடன்படிக்கை 1973இல் வந்தது. எக்சான் வால்டீசுக்குப் பின் எண்ணெய்க் கப்பல்களுக்கு இரட்டைச் சுவர் வேண்டும் என்னும் விதி பிறந்தது. 1970களில் எண்ணெய்க் கப்பல்களிலிருந்து ஏழு டன்னுக்கு மேற்பட்ட கசிவுகள் ஆண்டுக்குச் சராசரியாக எழுபதுக்கும் மேல் நேர்ந்தன. 2010களில் அது பத்துக்கும் கீழே இறங்கியது. கடலில் ஓடும் எண்ணெய் குறைந்ததால் இது நிகழவில்லை. அளந்தனர்; அளந்ததைச் சொன்னார்கள்; சொன்னதற்கு ஏற்பக் கப்பலைக் கட்டினார்கள். நம் முன்னோர் பலர் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்று குடியேறிய மொரீசியசுத் தீவில், 2020இல் வகாசியோ என்னும் கப்பல் பவளப்பாறையில் ஏறி ஏறத்தாழ ஆயிரம் டன் எண்ணெயைக் கசியவிட்டது. அத்தீவின் மக்கள் அரசுக்காகக் காத்திராமல், கரும்புச் சோகையைத் துணியில் அடைத்துத் தைத்து மிதவைத் தடுப்புகளைச் செய்து கடலில் இட்டனர். கண்டவர் கைகள் சும்மா இருப்பதில்லை. காணாதவர் கைகளே சும்மா இருக்கின்றன.

இதை எழுதத் தொடங்கிய வாரத்தில், எங்கள் ஊரில் என் வண்டியைப் பழுதுபார்க்கும் இளைஞனிடம் ஒன்று கேட்டேன்: “தம்பி, மாற்றி எடுக்கும் பழைய ஆயில் எங்கே போகிறது?” அவன் சொன்னான்: “வாங்கிக்கொண்டு போக ஆள் வருகிறான் சார். தரையில் சிந்துவதுதான் வாய்க்காலுக்குப் போகிறது.” எவ்வளவு சிந்தும் என்றேன். “அதை யார் அளந்தார்கள்?” என்று சிரித்தான். எங்கள் பகுதியின் ஓடைகள் கிழக்கே ஏரியை நோக்கித்தான் சரிகின்றன. பெருங்கப்பல்களின் விபத்தைக் காட்டிலும், நிலத்தின் வாய்க்கால்களும் வடிகால்களும் அன்றாடம் கொண்டு சேர்க்கும் எண்ணெய் கடலுக்குச் சிறிய சுமையன்று. மறுநாள் ஒரு பழைய தகரத் தட்டை அவனிடம் கொடுத்து வண்டிக்கு அடியில் வைக்கச் சொன்னேன். வைத்தான். மாதம் முடிந்ததும் தட்டில் சேர்ந்ததை ஒரு புட்டியில் ஊற்றிக் காட்டினான். கால் புட்டி இருந்தது. “இவ்வளவா!” என்று அவனே வியந்தான். பெரிய செயல் ஒன்றும் நடந்துவிடவில்லை. ஓர் ‘இல்லை’ இருந்த இடத்தில் ஒரு ‘கால் புட்டி’ வந்தது.

பிழைப்பிற்காக ஊரைவிட்டு வந்த குடும்பங்கள் நாம். வந்த இடத்தின் நீரும் ஏரியும் நமக்கு உரியவை அல்ல என்னும் எண்ணம் நம்முள் எளிதாகக் குடிகொள்ளும். நீரைக் குடித்தவன், மீனை உண்டவன், அந்நிலத்திற்குக் கடன்பட்டவனே. நம் பிள்ளைகளுக்கு மனுநீதிச் சோழன் கதையைச் சொல்லும்போது தேர்க்காலை மட்டும் சொல்லி முடித்துவிட வேண்டா. மணியோசை கேட்டதும் அரசன் வாயிலுக்கு நடந்து வந்த அந்தச் சில அடிகளையும் சொல்வோம். கடலுக்குக் கொம்பு இல்லை. அது வந்து மணியை அசைக்காது. நனைந்த வாத்தைக் கூடையில் வைத்துக்கொண்டு ஒரு மூதாட்டி வந்து நிற்கலாம். அப்போது எழுந்து பின்கட்டுக்குச் சென்று பார்த்துவிட்டு வந்து, அதன் பிறகு படிவத்தை நிரப்புவோம்.